மாப்பிள்ளையோடு பாலம் வரை

பிராக் நகரத்துத் தெருவில் பாவிய கற்களை என் முதுகெலும்பு இன்னும் மறக்கவில்லை. பார்க்க அழகு, வழவழவென்று மின்னும். ஆனால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மாப்பிள்ளை அழுத்தித் தள்ளுவார். என் பல்செட் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

இடுப்பு முறிந்த பிறகு அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டோடு இருக்கிறேன். எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லை. மகள் போனில் காட்டிய பிராக் நகரத்துப் பழைய கல்பாலத்தைப் பார்த்ததும் மட்டும், "இதைப் பார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்காகவே அவ்வளவு தூரம் கூட்டிப்போனார்கள். கடைசி நாள் பார்த்து மகளுக்குக் காய்ச்சல். அவள் ஓட்டலில் படுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் அனுப்பி வைத்தாள். மறுநாள் காலையில் விமானம்.

எங்கள் ஈரோட்டுப் பக்கம், என் அம்மா காலத்தில், மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். எனக்குக் கூச்சம் விடவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் "அவரைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் பேச்சு. அவரும் அதை மதித்து, "அத்தைக்கு டீ வேணுமா கேளு" என்பார்.

பாதி வழியில் ஒரு குலுக்கலில் "அம்மா" என்று முனகிவிட்டேன். மாப்பிள்ளை நின்றார். நாற்காலியை ஓட்டல் பக்கம் திருப்பினார். கையில் இருந்த போனில் மகளைக் கூப்பிட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லன்னு அவருகிட்டச் சொல்லு கண்ணு. பாலத்துக்குப் போகச் சொல்லு."

"அம்மா, காமெடி பண்ணாதே. அவர் உன் பின்னாடிதானே நிக்கறார்? டைரக்டா சொல்லு!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

நாற்காலி மெல்லத் திரும்பி வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடையாகப் பின்னால் போனது. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் ஓட்டல் வந்துவிடும்.

"மாப்பிள்ளை..." "பாலத்துக்கே போலாமுங்க. எனக்கு அதைப் பார்க்கோணும்."

நாற்காலி நின்றது. "சரிங்க அத்தை," என்றார். "தள்ளுனா மாட்டுது. ரிவர்ஸ்ல இழுத்துப் பார்க்கட்டுமா? பெரிய சக்கரம் முன்னாடி போனா குலுக்கல் கம்மியா இருக்கும்."

அப்படியே இழுத்தார். அவர் பாலத்தைப் பார்த்து நடந்தார், நான் வந்த தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதுகுக்கு முதுகு. முகம் பார்க்க வேண்டியதில்லாததால் பேச்சு சுலபமாக வந்தது. அவருக்கு என் புளிக்குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கல் அதிகம் என்று அன்றுதான் தெரிந்தது.

"இத்தனை வருசமா அவ சொல்லவே இல்லீங்களே!"

"நான் சொல்லச் சொன்னாத்தானே அத்தை."

சிரித்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், தெருக்கல் மாறியிருந்தது, காற்று மாறியிருந்தது, இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரும் கல்சிலைகளும் இருந்தன. பாலத்துக்கு வந்து வெகு நேரம் ஆகியிருக்கிறது. நாங்கள் பேச்சில் கவனிக்கவில்லை.