கட்டைவிரலுக்கு நின்ற பஸ்

எங்கள் திராட்சைப் பந்தலுக்குள், போனில் வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்து, கல்தூணில் தலையை மோதிக்கொண்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் மாதக்கணக்காகத் தலைசுற்றல் விடவில்லை. பஸ் ஏறவே பயந்தேன். தேனியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று வாசலில் நின்று ஆட்டினேன். சுருளிப்பட்டியில் எங்கள் வாசலைத் தாண்டினால் ரோடுதான். கம்பம் போகும் மினி பஸ் வந்து நின்றது. நான் ஆட்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. தினமும் இதே கதை. ஒருநாள் டிரைவர் பொறுமை இழந்து எட்டிப் பார்த்தார்.

“கை நிறுத்தச் சொல்லுது, தலை வேணாங்குது. ஏறுறீகளா, இல்லையா?”

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். அடிபட்ட பிறகு அதுதான் முதல் பஸ் பயணம். கம்பியை இறுக்கிப் பிடித்தபடி மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். குண்டும் குழியுமான அந்த ரோட்டில் டிரைவர் உட்பட எல்லோர் தலையும் ஆடிக்கொண்டிருந்தது. என் தலையை யாரும் கவனிக்கவே இல்லை.