கீழ் வீட்டுப் பால்

அன்றைக்கு, ரம்ஜான் பண்டிகையன்று, கீழ் வீட்டுக் கூடத்தில் இருக்க வேண்டியவர்கள் ஏழு பேர். நான், என் மனைவி, எங்கள் இரட்டைப் பெண்கள், நாங்கள் ஆப்பா என்று கூப்பிடும் கீழ் வீட்டு அக்கா, அவர் கணவர் பாய், அவர்களுடைய ஒரே மகன். எங்கே போனாலும் தலையை எண்ணிப் பார்ப்பேன். இரட்டைப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து பிடித்த வியாதி அது. அன்று எண்ணினால் ஆறுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். பெரியவளைக் காணோம்.

செருப்பு கூடப் போடாமல் வெளியே ஓடினேன். எங்கள் வீட்டுக்கு ஏறும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் பாவாடை, தலை நிறையக் கிளிப்பு, முகம் மட்டும் தொங்கிக்கிடந்தது.

"உள்ள வாடா கண்ணு. ஷீர் குர்மா பாயசம் ஆறிடும்."

"நக்கோ."

"இன்னாத்துக்கு வேணாம்?"

"தங்கச்சிதான் ஆப்பா பொண்ணு. நான் இல்லியே. நான் எதுக்கு வரணும்?"

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடை ஷட்டர் சிக்கிக்கொண்டால் போய்ச் சரிசெய்வது என் தொழில். எப்பேர்ப்பட்ட துருவையும் இளக்கிவிடுவேன். ஏழு வயதுப் பிள்ளையின் பிணக்கை இளக்கத்தான் தெரியவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை என்றுதான் அதுவரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்டின் டவுனில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து சில மாதத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் சிறுத்த உடம்பு. மனைவிக்கு இரண்டு பேருக்கும் போதுமான பால் இல்லை. பெரியவள் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் தூங்குவாள். சின்னவள் பவுடர் பாலைக் குடித்த வேகத்தில் கக்கிவிடுவாள். எடை ஏறவே இல்லை. நான் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருத்திக்குப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவள் மேல் சந்தேகம் வந்துவிடும். வேலைக்குப் போனாலும் ஷட்டருக்கு நடுவில் தொங்கிக்கொண்டு போன் போடுவேன். "ரெண்டும் உசுரோடதான் இருக்குது, வைங்க" என்று மனைவி வைத்துவிடுவாள்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் ஒரு நாள் ஆப்பா மேலே ஏறி வந்தார். தோளில் மூன்று மாதப் பையன்.

"இது பசி அழுவ தம்பி. எனக்கு நிறைய சுரக்குது. ஒருத்திக்கு நான் குடுக்கட்டா?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் பயந்தவன் பயந்தவன்தானே. டாக்டரைக் கேட்டேன். அவர் ஆப்பாவுடைய பிரசவ நேரத்து ரத்தப் பரிசோதனையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். எப்படிக் கேட்பது என்று கூனிக்குறுகிப் போய் நின்றேன். ஆப்பா சிரித்துக்கொண்டே பைலை எடுத்து நீட்டினார். "நல்லா பாத்துக்கோ தம்பி. பாலுக்கு சர்டிபிகேட்!"

கொடுப்பதற்கு முன் பாயையும் பக்கத்தில் உட்காரவைத்து எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார். "எங்க மார்க்கத்துல, ஒரு குழந்த என் பால குடிச்சிட்டா அது எனக்குப் பொறந்த மாதிரி. என் மவனுக்குக் கூடப்பொறந்தவ. நாளைக்கு அவங்களுக்குள்ள கல்யாணம் கில்யாணம் பேச முடியாது. தெரிஞ்சுக்கணும்ல, அதான் சொல்றேன்."

நான் தலையாட்டினேன். மனைவி பெரியவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "சின்னவளுக்குக் குடுங்க ஆப்பா. பெரியவ எனக்கு மட்டும் இருக்கட்டும்" என்றாள். ஆப்பா அவள் கன்னத்தைத் தொட்டு, "இருக்கட்டும்மா, உனக்கே இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் தினமும் காலையும் மாலையும் சின்னவளைத் துணியில் சுற்றிக் கீழே தூக்கிக்கொண்டு போவேன். பட்டப்பகலிலும் படி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன். பிள்ளை தேறினாள். தொடையில் மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பைப் பார்த்த அன்றுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஆப்பா பிள்ளைகளுக்கு ஈதி கொடுப்பார், பண்டிகைக் காசு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருபது ரூபாய். சொந்தப் பிள்ளைகளுக்கு நூறு. அதாவது அவர் மகனுக்கும் எங்கள் சின்னவளுக்கும். பெரியவளுக்கு இருபது. இத்தனை வருஷம் அவளுக்கு எல்லா நோட்டும் ஒன்றுதான். இப்போது இரண்டாம் வகுப்பு. நோட்டைப் படிக்கத் தெரிந்துவிட்டது. அன்று தன் கையில் இருபதும் தங்கை கையில் நூறும் இருப்பதைப் படித்துவிட்டாள்.

ரொம்ப நேரமாகக் காணோமே என்று ஆப்பாவே வாசலுக்கு வந்தார். பிள்ளை சொன்னதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலேயே வந்து நின்ற என் மனைவியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மனைவி போய்ப் படியில் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிடுங்க ஆப்பா."

"இன்னாம்மா சொல்றது?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு நடந்தத."

பிள்ளைகளுக்கு இரண்டு மாதமிருக்கும். மனைவிக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கொதித்தது. ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தோம். போகும்போது இரண்டு பிள்ளைகளையும் ஆப்பாவிடம் விட்டு, பெரியவளுக்காகப் புது பவுடர் டப்பாவும் பாட்டிலும் கொடுத்திருந்தேன்.

"சாயந்திரம் வந்து டப்பாவத் தொறந்தேன்" என்றாள் மனைவி. "உள்ள ஒட்டியிருக்கிற தகட்டக் கூட யாரும் கிழிக்கல."

ஆப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாட்டில வாயிலயே வெக்கல, துப்பிட்டா. கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? உனக்கே இருக்கட்டும்னு நான் சொன்ன புள்ள. அதான் உன்கிட்ட வாயத் தொறக்கல. இவர்கிட்டயும் பையன்கிட்டயும் மட்டும்தான் சொன்னேன். அது சொல்லியே ஆவணும்."

அந்தப் பையன் பேசத் தொடங்கியதிலிருந்து இருவரையுமே 'பெஹன்' என்றுதான் கூப்பிடுவான். கூடப்பிறந்தவள் என்று அர்த்தம். ஏதோ மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன்.

"எவ்ளோ குடிச்சா ஆப்பா?" என்று கேட்டேன். என் புத்திக்கு அதுதான் தோன்றியது.

"ஒரு வாய் குடிச்சாலே என் புள்ளதான் தம்பி. இவ அன்னிக்கு சின்னவளுக்கும் மிச்சம் வெக்கல!"

மனைவி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணாவது எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன் ஆப்பா. தெரிஞ்சப்புறமும் மனசு வரல. புள்ளய நீங்க காப்பாத்தினீங்க, நான் நன்றின்னு ஒரு வார்த்த கூட சொல்லல." பிறகு பெரியவளின் முதுகைத் தட்டினாள். "நீயும் அவங்க பொண்ணுதான்டி. போ உள்ள."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. யோசித்தாள்.

"அப்ப எனக்கு ஏன் இருபது ரூபா?"

உள்ளேயிருந்து பாய் பலமாகச் சிரித்தார். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவர், பாக்கிக் கணக்கு அவருக்கு வாயிலேயே வரும். "வந்துட்டாங்கப்பா வசூலுக்கு! வருஷத்துக்கு எண்பது கொறையுது, போன ஆறு ரம்ஜானுக்கு நானூத்தி எண்பது. அம்மாடி, ஒரேயடியா கேட்டா கடைய மூடிட வேண்டியதுதான். தவணையில வாங்கிக்கிறியா?"

"அவளுக்குக் குடுத்தா எனக்கும் குடுக்கணும்" என்று சின்னவள் உள்ளேயிருந்து கத்தினாள். யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

பெரியவள் தவணைக்கு ஒத்துக்கொண்டு உள்ளே போனாள். பாய் அவள் கையிலிருந்த இருபதை வாங்கிக்கொண்டு இரண்டு நூறு ரூபாய் நோட்டு கொடுத்தார், ஒன்று இந்த வருஷத்துக்கு, ஒன்று பழைய கணக்கில். ஆப்பா அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து ஊட்டிவிட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி எண்ணினேன். ஏழு வந்தது.

மளிகைக் கடையில் பத்து ரூபாய் நிற்கிறதென்றால்கூட எனக்குத் தூக்கம் வராது. என் பிள்ளைகள் இருவருக்கும் உயிர் கொடுத்தவருக்கு நான் பட்டிருக்கும் கடனைத் தீர்க்க வழியே இல்லை என்று தெரிந்தும் அன்று நன்றாகத் தூங்கினேன். அவர்கள் எங்களுக்குத் தர வேண்டியதும் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். பெரியவள் தினமும் படியிறங்கிப் போய் நினைவுபடுத்திவிட்டு வருகிறாள். பாக்கி, முந்நூற்று எண்பது ரூபாய்.