நைனா ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்த நாள்

முருகன் அடியார்களே, நான் படித்தவன் அல்ல, ஏர் ஓட்டுகிறவன். யுத்தம் முடிந்த வருஷம் ஆடி மாதம் என் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். திருத்தணி மலைக்குக் கீழேதான் எங்கள் ஊர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என்னைப் பெற்ற நைனாவுக்கு அடிவயிற்றில் குடல் இறங்கி, கல் மாதிரி வீங்கிவிட்டது. ரொம்ப நாளாக இருந்த வீக்கமாம். வெட்கப்பட்டு வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார். மலைக் கோயில் பிரசாதச் சந்தனத்தைக் கரைத்துக் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தார். வைத்தியர் தொட்டுப் பார்த்து, "கத்தி வெச்சாத்தான் ஆவும். இன்னிக்கே அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

நைனா அசையவில்லை. "நா வரமாட்டேன். செத்தா இந்த ஊட்லயே சாவறேன்."

காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "பிடிவாதக் கிழவா!" என்றுகூடத் திட்டினேன், பாவி நான். அப்போதுதான் அவர் அழுதார். "அங்க செத்தா என்னை ஊருக்குள்ள உடமாட்டாங்கடா."

வெளியே செத்த உடம்பை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. அதைக் கறாராகக் காத்தவரே நாட்டாமையான என் நைனாதான். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் முனுசாமியின் பெண்சாதி பிரசவத்துக்குப் போய் ஆஸ்பத்திரியிலேயே இறந்தாள். வண்டியை எல்லையில் மறித்தார் நைனா. வீட்டில் வைத்து ஒரு நாழிகை அழக்கூட விடாமல், அந்தப் பெண்ணை நேரே சுடுகாட்டுக்கு அனுப்பினார்.

வேறு வழி தெரியாமல் மலை ஏறினேன். சன்னதியில் நின்றால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. உயிரைக் கொடு என்று கேட்கவா, மனசை மாற்று என்று கேட்கவா? "அப்பனே, என்னால முடியல" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

இறங்கி வந்தால் வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. முனுசாமி அதில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருக்கிறான்! நான் கூப்பிடவே இல்லை. விஷயம் காதில் விழுந்து தானாக வந்தானாம். இரண்டு வருஷமாக எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவன், உள்ளே போய் நைனா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, கெளம்பு. பொழச்சா நடந்து வருவே. இல்லன்னா நானே ஓட்டிகினு வந்து உன் ஊட்டு நடுவுல எறக்கறேன். எவன் மறிக்கிறான்னு பாத்துடறேன்."

நைனா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு "ஆங், போலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அறுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்று வாரம் கழித்து முனுசாமிதான் வீட்டுக்கு அழைத்து வந்தான். எல்லையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார் நைனா. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ண உள்ள உட்டிருக்கணும்டா" என்று குழந்தை மாதிரி அழுதார். முனுசாமியும் அழுதான். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த வண்டியையும் யாரும் மறித்ததில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். உள்ளே என்ன பயம் என்று கேளுங்கள். கேட்டும் வழி தெரியாவிட்டால் தணிகைநாதனிடம் போய் அழுங்கள். என்ன கேட்பதென்றே தெரியாமல் நின்றவன் நான். எனக்கே கொடுத்தான்.