முட்டை அட்டைச் சபையில் ஒரு டிலே பெட்டி

எங்கள் சபை திருப்பதியில், ரேணிகுண்டா போகிற சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே காற்றடிக்கிற சத்தம், மேலே நாங்கள். ஹால் பெரியதுதான். ஆனால் நாலு பக்கமும் வெறும் சுவர், தலைக்கு மேல் தகரம். யாராவது ஒரு தடவை இருமினால் சுவர் மூன்று தடவை இருமும். பாஸ்டர் ஐயா "அன்பு" என்றால் "பு, பு, பு" என்று கடைசி வரிசை வரை போய்விட்டுத் திரும்பி வரும். இந்த எதிரொலியை அடக்க எங்கள் சவுண்ட் அண்ணன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வார நாளில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மிக்ஸருக்கு ராஜா. பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கி முட்டை அட்டை சேர்த்துச் சுவர் முழுக்க ஒட்டினார். அது போதாதென்று வீடு வீடாகப் பழைய பெட்ஷீட் கேட்டு வாங்கித் தொங்கவிட்டார். யானை போட்டது, மயில் போட்டது, மாம்பழம் போட்டது. ஒருவழியாக எதிரொலி செத்தது. சபையே எழுந்து ஸ்தோத்திரம் சொன்னது.

அடுத்த மாதம் நான் எதிரொலி செய்கிற பெட்டியோடு வந்து நின்றேன்.

நான் ஐடிஐயைப் பாதியில் விட்டவன். சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். ரேணிகுண்டா பக்கத்தில் போனுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, திருப்பதியில் ரூம். படிப்பு ஏறாத மண்டையில் கிட்டார் மட்டும் எப்படியோ ஏறியது. அதுவும் கம்பெனி பஸ்ஸில் போன் பார்த்துக் கற்றதுதான். அந்த வீடியோக்களில் ஆராதனைக்கு வாசிக்கிற எல்லோர் காலடியிலும் டிலே பெட்டி ஒன்று இருக்கும். நாம் வாசித்ததை அது ஞாபகம் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளித் திருப்பி வாசிக்கும். எவ்வளவு தள்ளி என்பதைப் பாட்டின் வேகத்துக்குக் காலால் சுவிட்சைத் தட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் வாங்கினேன். ரூமில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய தந்தியில் ஒரே ஒரு தட்டு. டிங். கையை எடுத்துவிட்டேன். நான் ஒன்றுமே செய்யவில்லை. இன்னொரு டிங் வந்தது. அதைவிடச் சின்னதாக மறுபடி ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மாதிரி இன்னும் ஒன்று. எனக்குக் கையில் மயிர் நின்றது. அடித்த சத்தம் எங்கே போகிறது என்று அதுவரை நான் யோசித்ததே கிடையாது. அடித்தேன், முடிந்தது என்றுதான் இருந்தேன். அது போய்க்கொண்டே இருக்கிறது என்று அந்தப் பெட்டி காட்டியது.

சரி, சபைக்கும் காட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போனேன்.

எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவர் ஓர் அக்கா. சித்தூர்க்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண்ணை மூடிக்கொண்டு, ஜனம் தட்டுகிற கைத்தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார். அப்போதுதான் சொந்தமாக ஒரு பாட்டு கட்டியிருந்தார். டியூட்டி பஸ்ஸில் கட்டிய பாட்டு. தமிழில் ஒரு வரி, அதற்குத் தெலுங்கில் பதில் ஒரு வரி, அப்படியே போகும். சித்தூரில் பல சபைகள் சேர்ந்து நடத்துகிற கூட்டத்தில் எங்களுக்கு ஒரு பாட்டு கொடுத்திருந்தார்கள். அக்கா பாட்டைத்தான் பாடவேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு என் பெட்டி செய்த காரியம் இதுதான். நான் எல்லாத் தந்தியையும் சேர்த்து அடித்து வாரி இறைத்தேன். பெட்டி அத்தனையையும் வாரித் திருப்பி இறைத்தது. பெண்கள் பக்கம் என் தாளத்துக்குக் கை தட்டியது, ஆண்கள் பக்கம் பெட்டியின் தாளத்துக்குத் தட்டியது. நடுவில் அக்கா கண்ணைத் திறந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்து, பாட்டை நிறுத்திவிட்டார். சவுண்ட் அண்ணனோ செத்த எதிரொலி உயிர்த்தெழுந்துவிட்டது என்று நினைத்து, ஜெபம் நடக்கும்போதே ஸ்டூல் போட்டு ஏறி, இன்னொரு பெட்ஷீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"நான் ஒரு அடி வச்சா உன் பொட்டி பின்னாலயே வந்து கொலுச புடிச்சி இழுக்குதுடா."

"கொலுச கழட்டி வச்சிட்டு பாடுங்கக்கா" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

அவர் சிரிக்கவில்லை. "என் பாட்டுடா அது. மொதோ தபா ஒரு தபாதான் பாட முடியும். ஊர் முன்னால அது சிதறிப் போச்சின்னா அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன். சித்தூருக்கு அது வந்தா நான் வரல."

ஐயா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். என்னிடம் மட்டும், அடுத்த வாரம் கிட்டாரைப் பையிலேயே வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து கேள் என்றார்.

அப்படி உட்கார்ந்த வாரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். எங்கள் சபையில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அதனால் ஐயா தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நின்று ஐயாவின் மனைவி அதைத் தெலுங்கில் சொல்வார். அவரைத் தமிழ், தெலுங்கு எல்லோரும் அம்மகாரு என்றுதான் கூப்பிடுவோம். வந்தவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அம்மகாரு முதல் வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நாலாவதில் இருந்தார். அம்மகாரு ஓடினார். அவர் பேசும்போதே பிரசங்கியாரும் பேசினார். தமிழும் கேட்கவில்லை, தெலுங்கும் கேட்கவில்லை. இரண்டு ரேடியோவை ஒரே மேசையில் வைத்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் இருந்த தாத்தா நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவனைக் கிள்ளினேன்.

கடைசியில் முடிவு வார்த்தை சொல்ல ஐயா எழுந்தார். "அவர் உங்களைக் கைவிட மாட்டார்" என்றார். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் அம்மகாரு தெலுங்கில் அதையே, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். தெலுங்குக்காரர்கள் தலையாட்டினார்கள். பிறகு பார்த்தால், ஏற்கெனவே தமிழில் கேட்டுவிட்ட எங்கள் ஆட்களும் தலையாட்டினார்கள். ஒரே சொல் இரண்டாம் தடவை வரும்போது இன்னும் ஆழமாக இறங்கியது. ஐயா அடுத்ததைச் சொன்னார், மறுபடி காத்திருந்தார். ஒருவர் மேல் ஒருவர் படவே இல்லை. எத்தனை வருஷமாக என் கண் முன்னால் நடக்கிறது இது. பிரசங்க நேரத்தில் நான் போன் பார்த்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் கேட்கவில்லை.

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சென்னைக்காரரைப் பார்த்துச் சிரித்தேனே, நான்தான் அவர். என் பெட்டி பாவம் அம்மகாரு மாதிரி, பேச இடம் இல்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவைக் கெஞ்சி ஹாலுக்கு வரவைத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாடிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் சவுண்ட் அண்ணன் கையாலேயே பெட்டிக்கும் ஒரு பெட்ஷீட் போர்த்திவிடலாம் என்றேன். அக்கா பாடினார். வரிக்கு நாலே நோட் வாசித்தேன். வாசித்துவிட்டு, தந்தியிலிருந்து கையை எடுத்து, ஐயா மாதிரி காத்து நின்றேன். விட்ட இடத்தில் பெட்டி வந்து பதில் சொன்னது. என் நாலு நோட்டுக்கும் அதன் நாலு நோட்டுக்கும் நடுவில் அக்காவின் குரல் நடந்து போனது.

அக்கா பாதியில் நிறுத்தினார். "இப்ப யார்ரா கூட வாசிச்சது?"

"யாரும் இல்லக்கா. நான் சும்மா இருந்தன்."

"சும்மா இருந்தியா? நீயா?"

இருந்தாலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஜனம் பாட்டை ஆரம்பிக்கும்போது மாட்டு வண்டி, முடிக்கும்போது சென்னை போகிற எக்ஸ்பிரஸ். கைத்தட்டு தானாகவே ஏறும். அதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை. ஏறவில்லை என்றால்தான் பரிசுத்த ஆவி இறங்கவில்லை என்பார்கள். பெட்டியோ சொன்ன வேகத்தை விட்டு அசையாது. அக்கா பாடும்போது குதிகாலால் தரையில் தட்டுகிற பழக்கம் உண்டு. நான் பெட்டியை அவர் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அவர் குதிகால் வேகம் ஏற ஏற, என் கால் பெருவிரல் சுவிட்சைத் தட்டிப் பெட்டியின் வேகத்தையும் ஏற்றும். வீடியோவில் வருகிறவர்கள் பூட்ஸ் காலால் மிதிக்கிறார்கள். நாங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிற ஜனம். வெறுங்கால் விரலுக்குத் தரையில் வருகிற அதிர்வும் தெரியும் என்பது ஒரு வசதி. அக்கா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. "வரட்டும், ஆனா நான் கைய பின்னால காட்டினா ஆஃப் பண்ணிடணும்" என்றார்.

சித்தூரில் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மேலே பந்தல் துணி, சுற்றிலும் ஒன்றுமில்லை. சவுண்ட் அண்ணனுக்கு ஏக சந்தோஷம், சுவரே இல்லை. ஆனால் முதலில் பாடிய சபைகளைக் கேட்டபோது எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. சத்தம் வாயைவிட்டுப் போகிறது, அப்படியே மாந்தோப்புப் பக்கம் போய்விடுகிறது, திரும்புவதே இல்லை. பாடுகிறவர்கள் வெட்டவெளியில் தனியாக நின்றார்கள்.

அக்கா மேடை ஏறினார். முதல் வரி பாதியில் குரல் உடைந்தது, கண்ணைத் திறந்துவிட்டார். கை பின்னால் வரப்போகிறது என்று சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. நாலு நோட் வாசித்துக் கையை எடுத்தேன். அந்த வெட்டவெளியில் ஒரு பதில் வந்தது. அக்கா மறுபடி கண்ணை மூடினார்.

இரண்டாவது சுற்றில் கைத்தட்டு ஏறியது. குதிகால் ஏறியது, விரல் ஏறியது. மூன்றாவது சுற்றில் அக்கா தமிழ் வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கினார். பெட்டி பதில் சொல்லவேண்டிய இடம் அது. அதற்குள் கூட்டம் சொல்லிவிட்டது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்த பெண்கள்தான் முதலில் எடுத்தார்கள், அந்தத் தெலுங்கு வரியை. இரண்டு தடவைதான் கேட்டிருப்பார்கள். பிறகு பின்வரிசை, பிறகு பந்தலுக்கு வெளியே நின்றவர்கள். சத்தம் தூரம் போகப் போகத் தாமதமாகத்தானே வரும், கடைசி வரிசை பாடி முடிப்பதற்கு முன் முதல் வரிசை முடித்திருந்தது. அந்த மைதானம் முழுக்க ஒரே வரி அலை அலையாக வந்துகொண்டிருந்தது. நான் தந்தியைத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது. ரூமில் ஹெட்போனில் கேட்டேனே, மலைக்கு அந்தப் பக்கம் போன மாதிரி, இது அதையும் தாண்டிப் போனது. எந்தப் பெட்டியும் இப்படிச் செய்யாது.

அக்கா மைக்கைக் கீழே இறக்கியிருந்தார். பாடவில்லை. தன் பாட்டை யாரோ தனக்குப் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும், டிராக்டரில் வந்த பெண் ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, இது யாருடைய பாட்டு என்று தெலுங்கில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நான் கிட்டார் பையை மாட்டிக்கொண்டே, "ஈ அக்கதி", இந்த அக்காவுடையது, என்று அக்கா தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டேன்.

அந்தப் பெண் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இரண்டாவது சரணம் சரியாகப் பிடிபடவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். அக்கா அங்கேயே, மைக் இல்லாமல், செம்மண்ணில் நின்றுகொண்டு பாட ஆரம்பித்தார்.