தண்ணியாய் இருந்த ஒயிலும் கோமாரியில் நான் சொன்ன பொய்யும்

பொத்துவிலுக்குக் குடும்பத்தோடு காரில் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூட விடுமுறை, வேளாண்மையும் வெட்டி முடிந்திருந்தது. என் மனைவி பரீதாவின் தம்பி றிஸ்வான் கல்முனையில் இருக்கிறான். புதிதாக வாங்கிய ஹைபிரிட் காரை நான் கேட்காமலே தந்தான். "கொண்டு போங்க மச்சான், பிள்ளையள் கடல் பார்க்கட்டும்" என்றான். முதல் நாளே எங்கள் ஊர் வரிப்பத்தான்சேனைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

புறப்படும் நாள் காலை 5.40க்கு, என்ஜின் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். தண்ணி மாதிரி வடிந்தது. இருபது வருடமாக இரண்டு சில்லு உழவு மெசின் ஓட்டுகிறவன் நான். எங்கள் மெசினில் ஒயில் தண்ணியானால் அது செத்த ஒயில். 'மச்சானுக்குக் கார் வாங்கத்தான் தெரியும்' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, மெசினுக்கு வாங்கி மிஞ்சிய 20W-50 தடிப்பு ஒயிலில் ஒரு லீட்டர் ஊற்றினேன். அளவு சரியாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கேனை டிக்கியில் போட்டேன்.

6.15க்குப் புறப்பட்டு அக்கரைப்பற்றில் இடியப்பம் சாப்பிட்டோம். அங்கிருந்து பொத்துவில் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், நல்ல ரோடு. திருக்கோவில் தாண்டியதும் கார் இழுக்கவில்லை. கோமாரிக்கிட்ட, 8.05க்கு, என்ஜினில் கோளாறு என்று காட்டும் மஞ்சள் லைட் எரிந்தது.

ரோட்டோரக் கராஜில் சிவா என்ற மெக்கானிக் பொனற்றைத் திறந்தார்.

"நானா, கடைசியா என்ன ஒயில் ஊத்தின நீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

பரீதா பக்கத்தில் நின்றாள். "எனக்குத் தெரியாது, மச்சான்தான் பார்க்கிறவர்" என்றேன். சீ, என்ன வாய் இது!

அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டு ஏசத் தொடங்கிவிட்டாள். "பிள்ளையளோட நடுரோட்டுல நிக்கிறம்! பார்த்துத் தந்திரிக்கக் கூடாதா?"

"மன்னிச்சிக்கங்க ராத்தா, என்ட பிழயாத்தான் இரிக்கும்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

சிவா துணி எடுக்க டிக்கியைத் திறந்தார். கேனைக் கண்டார். என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "நானா, உழவு மெசினுக்கு இது மருந்து. இந்தக் காருக்கு நஞ்சு."

இந்த என்ஜின்களில் ஒயில் போகும் வழி மிக ஒடுக்கமாம். ஸ்டார்ட் பண்ணின கையோடு தண்ணியாய் ஓட வேண்டுமாம். ஒயில் ஊற்றும் மூடியிலேயே 0W-20 என்று எழுதியிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. பொத்துவிலிலிருந்து ஒயில் வர இரண்டு மணித்தியாலம். ஃபில்டரும் கூலியும் சேர்த்து 24,500 ரூபாய். 11.20க்குப் புறப்பட்டோம். பிள்ளைகள் கடலில் குதித்தார்கள்.

போகிறவர்களுக்கு: மூடியையும் கையேட்டையும் பாருங்கள், அதில் உள்ள இலக்கத்தையே வாங்குங்கள். அளவு சரியென்றால் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தடிப்பு என்றால் நல்லது என்பது வயல் மெசினோடு சரி. இரவல் காரில் எதைச் செய்வதென்றாலும் உடையவனிடம் கேட்டுவிடுங்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, நேற்றுக் காலை றிஸ்வான் எனக்குப் போன் எடுத்தான். "மச்சான், உங்கட ஒயில் கேன் என்ட டிக்கியில கிடக்கு. மெசினுக்குத் தேவப்படும், கொண்டு தரட்டா?" பிறகு சொன்னான்: "ராத்தாக்கு நான் ஒண்டும் சொல்லல்ல."

போனை வைத்ததும் பரீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனே தம்பிக்குப் போன் எடுத்து, "மன்னிச்சிக்க மனே" என்று அழுதாள்.