மத்தியானத்தில் பிந்திய சிக்னல்

பாலையூற்றில் வாடகைக்கு வீடு எடுத்த இரண்டாவது வருசம், வயிற்றில் இருந்த எங்கள் பிள்ளை நாலாம் மாசத்தில் தங்காமல் போனது. இரண்டு கிழமை கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பினேன் என்றால், படுக்கையறையிலிருந்து முன்னறைக்குப் போனேன். வேலை கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு. கணினியும், சிக்னல்களைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தன.

ஒரு மின்பலகையில் எட்டுப் பகுதிகள். எட்டையும் ஒரே துடிப்பு நடத்தவேண்டும். அதைத்தான் கடிகாரச் சிக்னல் என்போம். ஆனால் துடிப்பு புறப்படுகிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற பகுதிக்கு அது முந்திப் போய்விடும், தூர இருக்கிறதுக்குப் பிந்திப் போகும். முந்துகிறதை வழியில் கொஞ்சம் மறித்துவைத்தால்தான் எட்டுக்கும் ஒன்றாகப் போய்ச் சேரும். எவ்வளவு நேரம் மறிப்பது என்பதைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுற்றுக்களை வடிவமைப்பது என் வேலை. ஒரு செக்கனைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி லட்சம் பங்காக்கினால் வருகிற துணுக்குகளில்தான் எங்கள் கணக்கு.

கணவர் சல்லி என்ற ஊரின் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிய முன்னம் மீன்பிடிப் போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றிவிட்டு, மத்தியானம் சைக்கிளில் வருவார். மீன் வெட்டுவார், என் உடுப்பையும் சேர்த்துத் தோய்ப்பார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டார். நானும் கதைக்கவில்லை. அவருக்கு அது அவ்வளவாகத் தைக்கவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் அவரோடு கோபமாக இருந்தேன்.

கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு நாள் அவர் வரும்போது நான் மேசையில் தலையைக் கவிழ்த்து இருந்தேன்.

"என்ன, இன்னும் சாப்பிடேல்லையா?"

"ஏலாதப்பா. காலமை எட்டும் சரியா வருது, மத்தியானம் பிழைக்குது. மூண்டு நாளா இதுதான். நான் தொட்டதெல்லாம் பிழைக்குது."

அவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றாமலே பக்கத்துக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார்.

"அப்பிடிச் சொல்லாதையும். எங்கட மெசினும் கச்சானுக்கு இப்பிடித்தான், சூடு ஏறினா இழுத்தடிக்கும். இதைக் குளிரில வச்சுப் பார்த்தனீரா?"

"குளிருக்கு நான் எங்க போறது?"

"இதை என்னட்டையா கேக்கிறீர்?" என்று சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கனநாள்.

அடுத்த நாள் சைக்கிள் கரியரில் சூடு புகாத வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே உடைத்த ஐஸ். தொழிற்சாலையில் கேட்டு, நீளக் கம்பி வைத்த வெப்பமானி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். ஈரம் பட்டால் பலகை போய்விடும் என்று சொன்னேன். பிஸ்கட் ரின் ஒன்றைத் துடைத்துக் காயவைத்து, பலகையை அதற்குள் இறக்கி, வயர்கள் வெளியே வருகிற மூலையை ரேப் ஒட்டி அடைத்து, ரின்னை ஐஸுக்கு மேல் வைத்தார். மீன் பெட்டி அடுக்கிப் பழகிய கை.

நான் திரையைப் பார்த்து எட்டுப் பாதைகளின் நேரத்தையும் சொல்லச் சொல்ல, அவர் வெப்பத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். பிறகு ரின்னை வெளியே எடுத்து, தலைமயிர் காயவைக்கிற மெசினால் மெல்ல மெல்லச் சூடாக்கினோம். நாலாவது பக்கம் எழுதும்போது அவர் பேனையை நிறுத்தினார்.

"எல்லாம் ஒரே அளவாப் பிந்தேல்லை. எல்லாம் ஒண்டாப் பிந்தினா உமக்குப் பிரச்சினை இல்லைத்தானே? இந்த ஆறாவது மட்டும் கனக்கப் பிந்துது. பாரும்."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஆறாவதுதான் எல்லாவற்றிலும் கிட்ட இருந்தது. அதனால் அதைத்தான் கூட நேரம் மறித்து வைத்திருந்தேன். மறிக்கிற படிகள் அந்தப் பாதையில் அதிகம், ஒவ்வொரு படியும் சூட்டில் கொஞ்சம் மெதுவாகும் என்றபடியால் அது மற்றதுகளைவிடக் கூடப் பிந்தியது. மூன்று நாளாக நான் தேடிய பிழை என் கணக்கில் இல்லை. காலமை ஒருக்கால் அளந்து பூட்டிவிட்டு, நாள் முழுக்க அது அப்படியே நிற்கும் என்று நம்பியதுதான் பிழை.

"உம்மில ஒரு பிழையும் இல்லை," என்றார் அவர்.

பலகையைப் பற்றித்தான் சொன்னாரோ தெரியாது. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மெசினை நிற்பாட்டினார்.

"பிள்ளைக்கெண்டு அக்கா தைச்சு அனுப்பின சட்டையள்," என்றார் குனிந்தபடி. "நீர் காணக்கூடாதெண்டு எடுத்துக்கொண்டு போனனான். திருப்பிக் குடுக்கவும் மனம் வரேல்லை. வேலையில என்ர அலுமாரிக்குள்ளதான் இருக்குது. ஒவ்வொரு நாளும் திறந்து பாக்கிறனான்."

அந்தச் சட்டைகள் இருந்த பை காணாமல் போனது எனக்குத் தெரியும். கொண்டுபோய் ஆருக்கோ கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அவர் கையைப் பிடித்தேன். ஐஸ் அள்ளிய கை, இன்னும் குளிர்ந்துபோய் இருந்தது. "நானெண்டால் நீங்கள் மறந்திட்டீங்களெண்டு..." என்றேன். அவரும் அழுதார். பெட்டியில் ஐஸ் உருகி மேசையெல்லாம் தண்ணீர் ஓடிய பிறகுதான் இரண்டு பேரும் எழும்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை புதிதாக வரைந்தேன். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் ஒரு சின்னச் சுற்று. பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிந்துகிறதா முந்துகிறதா என்று ஒப்பிட்டு, மறிக்கிற படிகளில் ஒன்றைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். திருத்திய பலகையைச் செய்து கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். உச்சி வெயிலிலும் எட்டும் ஒன்றாக நின்றன. அறிக்கையோடு கொப்பிப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தேன். எங்கள் பெண் மேலாளர் தொலைபேசியில் கேட்டார்: "இவ்வளவு வடிவான எழுத்து ஆரின்ர? உங்கட எழுத்து இப்பிடி இல்லையே."

"என்ர அவரின்ர," என்றேன். குசினியில் நின்ற அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். கறிச்சட்டியைக் கிண்டாமல் அப்படியே நின்றார்.

அந்த ஞாயிறு குச்சவெளியில் இருக்கிற அவருடைய அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினோம். பிள்ளை போன பிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை. மச்சாள் றோட்டுக்கே வந்து நின்றா. என் தோளில் கிடந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வாரும், சோறு ஆறுது," என்றா.