கொட்டைப்பாக்கு அளவு

கொரோனா ஊரடங்கு போட்ட புதிதில்தான் என் மனைவிக்கு மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. கீரனூரில் எனக்கு ஹார்டுவேர் கடை. ஷட்டரை இறக்கிவிட்டு, இ-பாஸ் வாங்கி, கார் பிடித்துத் திருச்சிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இந்த வகைக் கட்டிக்கு இப்போதே ஆபரேஷன் வேண்டாம், ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சில மாதம் காத்திருக்கலாம், கொரோனா காலத்துக்கென்றே கைட்லைன் வந்திருக்கிறது என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கைடு விற்பார்களே, அந்த மாதிரியா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியில் கொரோனா தொற்றிக்கொண்டால் கட்டியைவிட அது முந்திக்கொள்ளும் என்றார். வாராவாரம் தானே போன் செய்வதாகவும் சொன்னார். எங்கே பண்ணப்போகிறார் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

பண்ணினார். கட்டி எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். சென்டிமீட்டர் கணக்கெல்லாம் என் மனைவிக்கு எங்கே தெரியும்? "கொட்டைப்பாக்கு அளவு இருக்குங்க" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டரம்மாவோ அன்றிலிருந்து பாக்குக் கணக்கிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அதே பாக்குதானா, புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டதா என்று விசாரிப்பார். வெற்றிலைத் தட்டை என் கண்ணில் படாமல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஆடி மாதம் ஒருநாள் போன் வந்தது. "அதே பாக்குதாங்க" என்றாள் இவள். டாக்டரம்மா, நாளைக்கே கிளம்பி வரச் சொன்னார். ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிகின்றன என்று டிவி அலறிக்கொண்டிருந்த நேரம். போனைப் பிடுங்கி, உங்கள் கைட்லைன் என்ன ஆச்சு என்று எகிறினேன்.

"வளந்தா காத்திருக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்குங்க."

வளரவில்லை என்றுதானே சொல்கிறாள் என்றேன். நேரில் பார்த்துவிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

கட்டி சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. இன்னும் தள்ளியிருந்தால் கை மீறிப்போயிருக்கும் என்றார்கள். ஏன்டி மறைத்தாய் என்று கேட்டேன். "ஒங்களுக்கு சுகரு. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நீங்கள்ல ஒக்காந்து கெடக்கணும்" என்றாள்.

தையல் பிரிக்கப் போன அன்று, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மத்த வாரமெல்லாம் நான் கேட்டதும் போனைக் கட் பண்ணாம வெச்சுட்டு உள்ள போவாங்க, கதவைச் சாத்துற சத்தம் எனக்குக் கேக்கும். தொட்டுப் பாத்துட்டு வந்துதான் சொல்லுவாங்க. அன்னைக்கு கேட்ட ஒடனே சொல்லிட்டாங்க."

எத்தனை நோயாளிகள், எத்தனை போன்கள். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில், எங்கோ கீரனூரில் ஒரு கதவு சாத்தப்படவில்லை என்பதை அந்தப் பெண் கவனித்திருக்கிறார். நான் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். புருஷனுக்காகப் பொய் சொல்கிறவளை என்ன செய்வது என்று எந்தக் கைட்லைனில் எழுதியிருக்கும்? டாக்டரம்மாவின் கையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

இவள் இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று அவ்வப்போது கேட்பேன். ஒன்றும் இல்லை என்று உடனே சொன்னால் நம்புவதில்லை, தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல் என்பேன். திட்டிக்கொண்டே உள்ளே போவாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நான் அசைவதில்லை.